பூ நிறைய, காய் இல்லை: வீட்டுத்தோட்டத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவை

காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். செடி நன்றாக இருக்கிறது, இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூவும் கொட்டிக் கிடக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை. என்ன உரம் போடலாம்? எந்த மருந்து அடிக்கலாம்?

தரையிலும் தொட்டியிலும் மாறி மாறிப் பல வருடங்களாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது இப்போதெல்லாம் இன்னொரு கேள்விதான்: அந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, பார்த்தீர்களா? உரத்தின் பெயரைக் கேட்க வந்தவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பூவைக் கவனிக்காமல் வாங்கும் பாட்டில்களில் பாதி வீண் என்பது என் அனுபவம். பூ உதிர்வதற்கு ஒவ்வொரு செடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சுரைக்குச் சொல்லும் வைத்தியம் தக்காளிக்கு ஆகாது.

பூவைப் பற்றிப் பேசும் முன் சில அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய் தரும் செடி எதுவானாலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதைவிடக் குறைவாக வெயில் விழும் இடமென்றால் கீரையோடு நின்றுகொள்வது நல்லது; மூன்று, நான்கு மணி நேர வெயிலிலும் கீரை வந்துவிடும். தொட்டியில் வைப்பவர்கள் அளவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. மிளகாய்க்குப் பத்து லிட்டர் மண் போதும், தக்காளிக்கும் கத்திரிக்கும் பதினைந்திலிருந்து இருபது லிட்டர், பந்தலில் ஏறும் கொடிகளுக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் வேர் பரவும். மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ மூன்றில் ஒரு பங்கு கலந்தால் முதல் பருவம் ஓடிவிடும். தொட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் காய் இல்லையென்றால் பிரச்சினை பூவில்தான்.

கொடிக்காய்கள்

முதலில் கொடிகள். சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில் வரும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம். இதழுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுரையில் விரல் நுனி அளவுக்குச் சுரைக்காய், பாகலில் முள்ளோடு குட்டிப் பாகற்காய், அந்தந்தக் காயின் உருவத்திலேயே இருக்கும். ஆண் பூவின் பின்னால் வெறும் காம்புதான். பீர்க்கிலும் புடலிலும் ஆண் பூக்கள் கொத்தாக வரும், பெண் பூ தனியாக நிற்கும்.

பலரும் கவலைப்படும் முதல் விஷயம், கொடியில் வந்த பூவெல்லாம் உதிர்கிறதே என்பது. கொடி பூக்கத் தொடங்கும்போது முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஆண் பூதான் வரும். விரியும், ஒரு நாள் இருக்கும், விழும். அது நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. இந்தக் கட்டத்தில் பதறிப்போய்த் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போட்டால் இலையும் கொடியும் இன்னும் தாறுமாறாக வளரும், பெண் பூ இன்னும் தள்ளிப்போகும். நீண்ட பகலும் கடும் வெயிலும் அதிகத் தழைச்சத்தும் ஆண் பூவைக் கூட்டும். பகல் குறைந்து சூடு தணிந்தால் பெண் பூ கூடும். அதனால்தான் கோடையில் வெறும் பூவாகக் கொட்டிய கொடி, வெயில் தாழ்ந்ததும் திடீரென்று காய்க்க ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் எதைத் தெளித்திருந்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்!

சுரையில் ஒரு வேலை செய்யலாம். தலைக்கொடியில் ஆண் பூ மிகுதி, பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் கிளம்பும். அந்தக் கிளைகளும் கொஞ்சம் நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுகிறேன். மூன்றாம் தலைமுறைக் கிளையில் வரும் பெண் பூக்களைப் பார்த்தால் கிள்ளக் கை தயங்காது. கொடிக்குப் போதிய மண் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சின்னத் தொட்டியில் இருக்கும் கொடியை அடுத்தடுத்துக் கிள்ளினால் அது சோர்ந்துவிடும்.

சரி, பெண் பூ வந்துவிட்டது. பின்னால் இருந்த பிஞ்சும் ஒரு நாள் பச்சையாக இருந்தது. அப்புறம் நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, விழுந்துவிட்டது. இதுதான் அசல் பிரச்சினை. ஆண் பூவின் மகரந்தம் அந்தப் பெண் பூவுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். தேனீ வராத மாடியிலும் கட்டடங்கள் நெருங்கிய இடத்திலும் இது சர்வ சாதாரணம். நாமே கையால் செய்துவிடலாம், செலவில்லாத வேலை. ஆனால் எத்தனை மணிக்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பீர்க்கு விஷயத்தில் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஒரு சாயங்காலம் மதில் வழியாகக் கூப்பிட்டார். “காலையில வந்து பீர்க்கம் பூவைத் தேடினா எங்கருந்து கிடைக்கும்? அது பொழுது சாயத்தான் கண் திறக்கும். இப்ப வந்து பாரு.” போய்ப் பார்த்தேன். பகலெல்லாம் மொட்டாக இருந்தவை மஞ்சள் மஞ்சளாக விரிந்து நின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு கொடிக்கும் நேரம் குறித்து வைக்க ஆரம்பித்தேன்.

பூசணி, பாகல், வெள்ளரி மூன்றும் காலைப் பூக்கள். விடியும்போது விரிந்துவிடும். பூசணிப் பூ வெயில் ஏறுவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். எட்டு மணிக்கு முன் வேலையை முடித்துவிடுவது நல்லது. பீர்க்கு மாலைப் பூ. சுரையும் மாலையில் விரிந்து இரவெல்லாம் இருக்கும். புடலும் இருட்டும் நேரத்தில்தான். சுரைப் பூவும் புடலம் பூவும் வெள்ளையாக இருப்பது சும்மா இல்லை, இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்கு அந்த வெள்ளைதான் தெரியும். இதில் ஒரு விதிவிலக்கு நுரைப்பீர்க்கு. உடம்பு தேய்க்கும் நார் கிடைக்குமே, அதுதான். பீர்க்குக்கு நெருங்கிய சொந்தமாக இருந்தும் அது காலையில் பூக்கும். ஆக, பீர்க்கு என்று பெயர் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்தால் ஒன்று கட்டாயம் தப்பும்.

கை மகரந்தச் சேர்க்கையை நான் செய்யும் விதம் இது. அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிடுவேன். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு மட்டும் மிஞ்சும். விரலில் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் அந்தப் பூ பழசு, வேறொன்றை எடுக்க வேண்டும். அதை அன்றைக்கே விரிந்த பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். பெண் பூவின் நடுப்பகுதி மூன்றாகப் பிரிந்திருக்கும், மூன்றிலும் பொடி படட்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்தில் மட்டும் விதை பிடித்து, காய் கோணலாகவோ நுனி சூம்பியோ வளரும். வெள்ளரி ஒரு முனை பருத்து மறுமுனை ஒல்லியாகத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தூரிகை வைத்தும் செய்யலாம், எனக்கு ஆண் பூவே வசதி. ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூக்களுக்குத் தாராளமாகப் போதும்.

மழைத் தூறல் இருந்தால் மகரந்தம் நனைந்து வீணாகிவிடும். மழை வரும் போலிருந்தால் முந்தின வேளையே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் காகிதக் கூம்பால் மூடிவைத்து, விரிந்ததும் தடவி, பெண் பூவை மறுபடி மூடிவிடுவேன்.

பலன் தெரிய இரண்டு மூன்று நாள் போதும். சேர்ந்துவிட்டால் பிஞ்சு பருக்கும், காம்பு தடிக்கும், தலை கீழ்நோக்கி வளையும். சேராவிட்டால் மஞ்சளாகும். எல்லாம் சரியாகச் செய்தும் சில பிஞ்சுகள் விழத்தான் செய்யும். ஒரு கொடியில் ஏற்கெனவே பெரிய சுரைக்காய்கள் தொங்கிக்கொண்டிருந்தால் அது புதுப் பிஞ்சுகளை வேண்டுமென்றே கழித்துவிடும். பெரிய காயைப் பறித்துவிட்டால் அடுத்த சுற்று நிற்கும்.

பிஞ்சு பருத்த பிறகும் அழுகி விழுந்தால் அது வேறு கதை, பழ ஈயின் வேலை. காயில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின் போல் வடிந்திருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மகரந்தம் சேராமல் விழுந்த பிஞ்சை வெட்டினால் புழு இருக்காது. கீழே விழுந்த ஒவ்வொரு பிஞ்சையும் வெட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டால் தவறான வைத்தியம் செய்ய மாட்டோம். பழ ஈக்கு மருந்தடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, புழு காய்க்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. பூ வாடி பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையோ காகிதப் பையோ மாட்டிவிடுகிறேன். பாகலுக்கும் பீர்க்குக்கும் இதைவிட நல்ல வழி எனக்கு அகப்படவில்லை. புழு விழுந்த காயை உரக்குழியில் போடக் கூடாது. அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகவே வரும். கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் சில நாள் போட்டுவைத்தால் கதை முடிந்தது.

கோவைக்காய் பற்றி ஒரு வரி. அதில் ஆண் கொடியே தனி, பெண் கொடியே தனி. விதை போட்டு வளர்த்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி நடுவதுதான் வழி.

தக்காளியும் கத்திரியும்

தக்காளியில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள். வெளியிலிருந்து மகரந்தம் வர வேண்டியதில்லை, பூ ஆடினால் போதும். காற்று ஆட்டும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போடுமே, அந்த அதிர்விலும் பொடி கொட்டும். தேனடை கட்டும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் தேனீ நிறைய வரும் தோட்டத்திலும் தக்காளிக்குப் பெரிய லாபம் இல்லை. காற்று வராத மூலையில் தொட்டி இருந்தால், காலை பத்து மணிக்கு மேல் பொடி உலர்ந்திருக்கும் நேரத்தில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் வைப்பவர்களும் உண்டு. சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்கிறது.

ஆனால் தக்காளிப் பூ உதிர்வதற்கு முக்கியக் காரணம் சூடு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் செயலிழந்துவிடும். பூக்காம்பில் இருக்கும் முட்டிப் பகுதி முதலில் மஞ்சளாகும், பிறகு பூ அப்படியே கழன்று விழும். இதற்கு எந்த டானிக்கும் தீர்வில்லை. உச்சி வெயிலை மட்டும் தடுக்கும்படி நிழல்வலை கட்டி, மண்ணுக்குக் காய்ந்த இலையாலோ வைக்கோலாலோ மூடாக்குப் போட்டு, செடியைச் சாகாமல் காப்பாற்றி வைத்தால் சூடு தணிந்ததும் அதே செடி காய்க்கும். நிறையப் பேர் அதற்குள் பொறுமை இழந்து பிடுங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை, பூக்கும் காலம் கடும் கோடையில் விழாதபடி விதைக்கும் தேதியை நகர்த்துவதுதான் நிரந்தரத் தீர்வு. நாற்று நட்டு ஒன்றரை மாதத்துக்குள் பூக்கத் தொடங்கிவிடும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காய் பிடித்த பிறகு தக்காளியின் அடிப்பக்கத்தில் கறுப்பாகத் தோல் போல் ஒரு வட்டம் விழுந்து உள்வாங்கும். அடியழுகல். பார்த்தவுடன் நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். கிருமி எதுவும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும் தண்ணீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும். ஒரு நாள் மண் வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் ஏற்றம் தடைபடும். எங்கள் தோட்டத்தில் தரையில் நின்ற தக்காளிக்கு இது வருவதே அபூர்வம். அதே நாற்றிலிருந்து சின்னத் தொட்டியில் வைத்தவற்றில்தான் திரும்பத் திரும்ப வந்தது. தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம்.

இதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லுவார்கள். போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அது கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்த வாரம் அழுகும் தக்காளியை அது காப்பாற்றாது. எப்சம் உப்பு என்று இன்னொரு வைத்தியம் சுற்றுகிறது. அதில் இருப்பது மக்னீசியம். மிஞ்சினால் அது சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போட்டு நிலைமையை மோசமாக்கும். பாதிக்கப்பட்ட காயைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூடாக்குப் போட்டு, மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் அடுத்த கொத்து சுத்தமாக வரும்.

கத்திரிப் பூவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு தடவை குனிந்து பாருங்கள். நடுவில் மஞ்சள் குழாய்கள் வட்டமாக நிற்கும், அவை ஆண் பகுதி. அவற்றுக்கு நடுவிலிருந்து பச்சையாக ஒரு சூல்முடி தலை நீட்டும். சில பூக்களில் அது மஞ்சளைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், சிலவற்றில் சமமாக நிற்கும், சிலவற்றில் உள்ளேயே குட்டையாக ஒளிந்திருக்கும். நீண்டதும் சமமானதும் காய்க்கும். குட்டையானது அநேகமாக உதிரும். ஒரே செடியில் மூன்று வகையும் இருப்பது இயல்பு. ஆகவே கத்திரியில் பூ உதிர்வதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். குட்டைப் பூவே அதிகமாக வருகிறது என்றால்தான் செடிக்குத் தெம்பு குறைகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பழைய கிளைகளைக் கவாத்து செய்து, அடியில் ஒரு கூடை மக்கிய உரம் வைத்து, மண்ணை அணைத்துவிட்டால் புதுத் துளிரில் வரும் பூக்கள் பெரிதாக இருக்கும்.

கத்திரியில் நண்பகலில் ஒரே ஒரு நுனிக்கிளை மட்டும் தலை தொங்கினால் தண்ணீர்க் குறைவு என்று நினைக்க வேண்டாம். தண்டுக்குள் துளைப்பான் புழு போயிருக்கிறது. தொங்கிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டிப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பாக அகப்படும். அன்றைக்கே வெட்டிவிட்டால் அது காய்க்குள் போகாது. தினமும் ஒரு நடை போய்ப் பார்ப்பவருக்கு இந்தப் புழு பெரிய எதிரியே இல்லை. வாரம் ஒருமுறை தோட்டத்துக்குப் போகிறவர் கத்திரி வைக்காமல் இருப்பதே மேல் என்பேன்.

மற்றவை

மிளகாயிலும் சூட்டில் பூ உதிரும், தக்காளிக்குச் சொன்னதுதான். அதோடு இலைச் சுருட்டல் சேர்ந்தால் பூ நிற்கவே நிற்காது. இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை தடித்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்குமே இலையின் அடிப்பக்கம்தான் முகவரி. மேலாக மட்டும் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை. தண்ணீரை அடிப்பக்கத்தில் வேகமாகப் பீச்சுவதே பாதி குறைத்துவிடும். இலை சிறுத்து, மஞ்சளாகி, செடி குட்டையாகவே நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

வெண்டையில் பூவைப் பற்றிக் கவலையே இல்லை. காலையில் விரிந்து, தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொண்டு, அன்று மாலைக்குள் சுருண்டுவிடும். அதன் தொல்லை பறிப்பதில் இருக்கிறது. பூ விரிந்த நான்கிலிருந்து ஆறு நாளுக்குள் பறிக்க வேண்டும். விட்டால் நார் ஏறும், அது போகட்டும். முற்றிய காய் செடியில் தொங்கினால் விதை பழுத்துவிட்டது என்று செடி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மறந்துபோன காயானாலும் பறித்து எறிந்துவிட வேண்டும். வெண்டை விதையை நாற்றுவிட்டு மாற்றி நட வேண்டாம், ஆணிவேர் நேராக இறங்கும் செடி. இரவு முழுக்க ஊறவைத்து நேரடியாக ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

அவரை வேறு ரகம். பந்தல் முழுக்கப் படர்ந்து, மாதக்கணக்கில் ஒரு பூகூட வைக்காமல் இருக்கும் அவரையைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு அவரையில் பல வகைகள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். சிறகு அவரையும் அப்படித்தான். பகல் நீளும் காலத்தில் விதைத்தால் அது இலையாக வளர்ந்துகொண்டே காத்திருக்கும். அதன் குணமே அது. வருடம் முழுக்க வேண்டும் என்றால் பொழுதைப் பார்க்காத செடி அவரை வகை கிடைக்கிறது, அதை வைக்கலாம். அவரைக்குத் தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம். வேரில் இருக்கும் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொடுக்கும். சந்தேகமாக இருந்தால் பிடுங்கும் செடி ஒன்றின் வேர்முடிச்சை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

தெளிப்பதும் தேனீயும்

வேப்பெண்ணெய்க் கரைசல் நானும் அடிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயிலில் அடித்தால் இலை கருகும் என்பதால் மாலையில் தெளிக்கச் சொல்வது வழக்கம். பாகல், பூசணி, வெள்ளரிக்கு அது சரி, அவற்றின் பூ அதற்குள் மூடியிருக்கும். சுரை, பீர்க்கு, புடல் பந்தலுக்கு அதே மாலைதான் பூ விரியும் நேரம். அவற்றுக்கு விடிந்தவுடன், வெயில் படுவதற்கு முன் தெளித்துவிடுகிறேன். எதற்கானாலும் பூவின் மேல் படாமல், இலையின் அடியில். இளந்துளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்கும் முன், பக்கத்தில் பொறிவண்டின் புழு இருக்கிறதா என்று பார்ப்பேன். கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, முள் முள்ளாக இருக்கும். பார்க்கப் பயமாக இருப்பதால் அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். பாவம், அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான்.

தேனீ வர வேண்டுமென்றால் காய்கறிப் பூ மட்டும் போதாது. துளசியையும் முள்ளங்கியையும் ஒன்றிரண்டு பூக்கவிட்டால் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று அவற்றுக்குக் கிடைக்கும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்கலாம். தனியாக வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி வசிப்பவை. தோட்டத்தில் ஒரு மூலையைக் கொத்தாமல், மூடாமல் அப்படியே விட்டுவைப்பதும் ஒரு உதவிதான்.

விதைக்கு விடுவது

பூவைப் பிடித்துப் பழகியவர் விதையையும் சொந்தமாக எடுக்கலாம். தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துகொள்வதால் கலப்பு குறைவு. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை வழவழப்போடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தின் விதையை எடுத்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. விதை வாங்கும்போதே நாட்டு ரகமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நாட்டு ரகம் என்று சொல்லிக் கொடுத்த பாக்கெட்டிலிருந்து மூன்று விதமான கத்திரி வந்தது. காய்த்த பிறகுதான் தெரியும் என்பதால் சண்டைக்கும் போக முடியவில்லை.

கொடிக்காய்களில் கவனம் அதிகம் வேண்டும். பூச்சி வேறு கொடியின் மகரந்தத்தையும் கொண்டுவரும் என்பதால், விதைக்கு விடும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் விரிவதற்கு முன்பே நூலால் கட்டிவைத்து, நாமே தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு வண்ண நூல் இருந்தால் யாரும் தவறிப் பறிக்க மாட்டார்கள். சுரைக்காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை குலுங்கும் வரை விடலாம். பாகலும் பூசணியும் வேறு வேறு இனம் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் கலக்காது. இரண்டு வகைப் பூசணி இருந்தால் கலக்க வாய்ப்புண்டு. கலந்தாலும் இந்த வருடக் காயின் ருசி மாறாது. அந்த விதையைப் போட்டு அடுத்து வளரும் கொடியில்தான் தெரியும்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் கசப்பு. உரக்குழியில் தானாக முளைத்த சுரையும் பூசணியும், அலங்காரத்துக்கு வைக்கும் சுரை வகைகளோடு கலந்த விதையும் சில நேரம் கடும் கசப்பான காயைத் தரும். கசப்புக்குக் காரணமான பொருள் சமைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், ஆபத்தாகவும் முடியலாம். அதனால் சுரை, பூசணி, வெள்ளரி, பீர்க்கு எது அறுத்தாலும் முதலில் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போட்டுவிடுவேன். அந்தக் கொடியில் கண்டிப்பாக விதை எடுப்பதில்லை. பாகலுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.